வேலி அடைத்த காடு

காடு என்றதும் யானையை நினைத்துவிட வேண்டாம். வடமராட்சி கிழக்கில் நான் காவல் இருந்த காட்டில் ஆகப் பெரிய மிருகம், யாரோ கட்டவிழ்த்துவிட்ட ஒரு நாம்பன் மாடு. அண்ணாந்து பார்க்கிற மரம் என்று கொஞ்சம் பாலையும் வேம்பும் நின்றன. மிச்சமெல்லாம் இடுப்பளவு ஈச்சை, காரை, சூரை. நடந்தால் சாரம் கிழியும், உட்கார்ந்தால் எறும்பு கடிக்கும். இதைப் பாதுகாக்க ஓர் அலுவலகம், அந்த அலுவலகத்துக்கு ஒரு ஜீப், ஜீப்புக்கு ஒரு சாரதி எல்லாம் இருந்தன. அதைவிட எனக்கு அதிசயமாக இருந்தது, இங்கே முளைக்கிற புல்லை எண்ணினால் பல்கலைக்கழகத்தில் பட்டம் தருவார்கள் என்பது. முதலே தெரிந்திருந்தால் நானும் எட்டாம் வகுப்போடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

நிறுத்தியது நானல்ல என்பது வேறு கதை. எங்கள் பள்ளிக்கூடம் அகதி முகாமானது. அகதிகள் நாங்களேதான். ஆகவே அதே வகுப்பறையில் தொடர்ந்து பல மாதம் இருந்தேன், படுத்தேன், சமைத்துச் சாப்பிட்டேன். படிப்பு மட்டும் நடக்கவில்லை. பிறகு ஓடினோம். பிறகு திரும்பி வந்தோம். போனவர்களை விட வந்தவர்கள் குறைவு. அதற்குப் பிறகு எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கருவாடு காயப்போட்டேன், லொறியில் கிளீனராகப் போனேன், கண்ணிவெடி அகற்றுகிற வேலையும் பார்த்தேன். இடக்கையில் ஒரு விரல் இல்லை. பார்க்கிறவர்கள் வெடி என்று நினைத்து இரக்கப்படுவார்கள். அது லொறிக் கதவு.

இந்த வேலை கிடைத்தது அந்த வெடி வேலையால்தான். முழங்காலில் நின்று, கயிறு கட்டிய சதுரத்துக்குள், சாண் சாணாக நிலத்தைப் பார்க்கப் பழகிய ஆள் வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு ஒரு பிள்ளை வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். ஊர் பருத்தித்துறை, தகப்பனுக்கு வள்ளம் இருந்தது.

“கடற்கரைப் பிள்ளை புல்லு எண்ண வந்தனீரோ? கடலிலை எண்ண ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டேன்.

“மீன் ஒரு இடத்திலை நிக்காது அண்ணை. புல்லு நிக்கும்,” என்றாள்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. சம்பளமும் பிடித்தது. காட்டோரத்தில் தறப்பாள் போட்ட ஒரு கொட்டிலில் குடியேறினேன். முன்பு புல்லை வெட்டி ஒதுக்கிவிட்டு வெடியைத் தேடினேன். இப்போது வெடியில்லாத இடத்தில் புல்லைத் தேடினேன். வாழ்க்கை முன்னேறியிருந்தது.

வேலை இதுதான். ஒவ்வொன்றும் ஓர் அறையளவில் நான்கு சதுரங்கள். இரண்டுக்குக் கம்பிவலையால் வேலி அடைத்தோம், ஆடு மாடு நுழையாதபடி. மற்ற இரண்டுக்கு மூலையில் தடி மட்டும் நட்டோம். எது வேண்டுமானாலும் வந்து மேயலாம். வேலிக்குள் ஒன்றுக்கும் வெளியே ஒன்றுக்கும் யூரியா போட்டோம். மற்ற இரண்டும் கடவுள் விட்டபடி. மாரி மழை முடிய, ஒவ்வொன்றிலும் எத்தனை சாதிப் பூண்டு முளைத்திருக்கிறது என்று எண்ண வேண்டும். மேய்கிற வாயும் மண்ணில் இருக்கிற சத்தும் சேர்ந்து காட்டில் எதை வாழவிடுகின்றன, எதைச் சாகவிடுகின்றன என்பதுதான் அவளுடைய கேள்வி.

“யூரியா போடாத கட்டத்திலை ஆடு புழுக்கை போடுமே, அது பசளை இல்லையோ?” என்று நான் கேட்டேன்.

“அதையும் எழுதுவன்,” என்றாள்.

புழுக்கையையும் எழுதினாள். நல்ல பிள்ளை.

நான் கயிறு கட்டுவதைக் கண்டதும், காட்டில் வெடி இருக்கிறது என்று ஊரில் கதை பரவிவிட்டது. என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் கட்டுகிற கயிற்றுக்கு வேறு அர்த்தம் தெரியாது. விறகுக்கு வந்தவர்கள் வரவில்லை. நான் மறுக்கவும் இல்லை. காவலுக்கு அதைவிட நல்ல காவல் ஏது? பயப்படாமல் வந்தது ஓர் ஆட்டுக்காரிதான். அவவுக்குப் பின்னால் ஒரு பட்டி ஆடும், முன்னால் ஒரு பெரிய கறுத்தக் கிடாயும். நேரே கயிற்றைத் தாண்டி வந்து நின்றா.

“அக்கா, வெடி எண்டு கேள்விப்படேல்லையோ?” என்றேன்.

“கிடாய் முன்னுக்குப் போகுது. வெடிச்சால் அதுதான் முதல் வெடிக்கும். நீ ஏன் அழுகிறாய்?”

அவவுக்குப் புருசன் இல்லை. போரில் போனாரா என்று கேட்டேன். வேறொருத்தியோடு போனார் என்றா. காணி இல்லை. ஆடுதான் இருந்தது. ஆட்டுக்குக் காடு இருந்தது. அந்தக் காட்டுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. அல்லது காட்டுக்கு வந்த ஆபத்தே அவதான் என்று காட்டு அதிகாரி சொன்னார். ஊர்க் கூட்டத்தில் அவர் எழுந்து, ஆடுகள் காட்டை மொட்டையடிக்கின்றன, மேய்ச்சல் தடை என்று பலகை நடப் போகிறேன், மீறினால் வழக்கு என்றார். பலகை வந்தால் ஆட்டை விற்க வேண்டும். விற்றால் அவ யார் வீட்டிலாவது பாத்திரம் கழுவ வேண்டும். இதை அவவே கூட்டத்தில் சொன்னா, சாதாரணமாக, மழை வரும் என்று சொல்வதுபோல.

அப்போது பிள்ளை எழும்பி, “சேர், மாரி முடிய நான் எண்ணிப்போட்டுச் சொல்லுறன். அதுமட்டும் பொறுங்கோ,” என்றாள். தைப்பொங்கல் முடிந்து தானே வந்து கண்ணால் பார்க்கிறேன், பிறகு முடிவெடுப்போம் என்று அதிகாரி ஒத்துக்கொண்டார். ஆக அக்காவின் ஆடுகள் எங்கள் நாலு சதுரத்தில் தொங்கின.

அக்காவுக்குப் புல்லைப் பற்றிப் பெரிய அறிவு ஒன்றும் இல்லை. பிள்ளை ஒரு செடியைக் காட்டிப் பெயர் கேட்டால், “பூண்டு,” என்பா. வேறொன்றைக் காட்டினால், “அதுவும் பூண்டுதான்,” என்பா. “எனக்கு ரெண்டு சாதி தெரியும் பிள்ளை. ஆடு தின்னிறது, ஆடு தின்னாதது.” பிள்ளையின் புத்தகத்தில் இருந்த பெயர்களோ வாய்க்குள் நுழையாதவை. நான் நடுவில் நின்று தும்பை, குப்பைமேனி என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். அதிலும் பாதி பிழை.

மழை நன்றாகப் பெய்தது. தறப்பாள் ஒழுகியது, சாரத்தைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டு இருந்தேன். ஆனால் சதுரங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கே ஒரு பிடிப்பு வந்துவிட்டது. பசளை போட்டால் எல்லாம் செழிக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எல்லாம் செழிக்கவில்லை. வேலிக்குள் யூரியா போட்ட சதுரத்தில் கினிப்புல்லும் நாயுருவியும் கொழுத்து நெஞ்சு மட்டத்துக்கு எழும்பின. அடியில் விலக்கிப் பார்த்தால் ஒன்றுமில்லை, இருட்டுத்தான். மண்ணில் சத்து இருக்கிறது, மேலே வெயில் இருக்கிறது, இடையில் அந்த இரண்டு தடியர்களும் நின்று மற்றவர்களுக்கு வெளிச்சம் விடவில்லை.

வேலி இல்லாத யூரியாச் சதுரத்தில் கதை வேறு. அங்கேயும் அதே தடியர்கள் எழும்பப் பார்த்தார்கள். கிடாய் விடவில்லை. உயர்ந்ததும் கொழுத்ததும்தான் அதன் வாய்க்கு முதலில் பட்டது. அவற்றைக் கடித்துவிட, அடியில் மூக்கிரட்டை, சாரணை, கீழ்க்காய்நெல்லி, செருப்படி, பெயர் தெரியாத நீலப்பூ, மஞ்சள்பூ என்று சில்லறைகள் எல்லாம் தலைகாட்டின. பருத்தித்துறை பஸ்ஸில் யன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்புக்காரன் இறங்கினால் பின்னால் நிற்கிற எல்லோருக்கும் காற்று வருமே, அப்படி. ஆடு நியாயம் பார்த்துத் தின்னவில்லை, ருசி பார்த்துத்தான் தின்றது. நியாயம் தானாக நடந்தது. யூரியா போடாத இரண்டிலும் வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் அவ்வளவு வித்தியாசம் இல்லை. மண்ணே வறுமை, அங்கே ஒருத்தரும் ஒருத்தரை மறைக்கிற அளவுக்கு வளரவில்லை.

“அப்ப ஆடு நல்லது,” என்றேன் பிள்ளையிடம்.

“முளைச்சு வாற பாலை மரக் கண்டையும் தின்னுதே அண்ணை. முழுக்க நல்லது எண்டு நான் எழுதேலாது.”

“முழுக்க நல்லதெண்டு என்னையும் ஒருத்தரும் எழுதேல்லை. விடும்.”

இனி, காட்டோரத்தில் தோட்டம் செய்த கரவெட்டிக்காரரைச் சொல்ல வேண்டும். குத்தகைக்குக் காணி எடுத்து வெங்காயமும் புகையிலையும் வைத்திருந்தார். அவருடைய தோட்டத்தில் ஒரு புல்லைக் கண்டுபிடித்தால் அது அவர் சாப்பிடப் போன நேரத்தில் முளைத்ததாக இருக்கும். வரம்பு நூல் பிடித்தது போலிருக்கும். எங்கள் வேலிக்குள் புல் உயர உயர அவருக்கு முகம் சுருங்கியது. வாய்க்காலுக்குப் போகும்போது வேலிப்பக்கம் திரும்பாமல் போவார், பெண்கள் குளிக்கிற இடத்தைக் கடந்து போகிறவரைப் போல.

எண்ணுகிற வேலையை அதிகாரிக்கு முன்னாலேயே செய்வதென்று பிள்ளை வைத்திருந்தாள். அவர் வருவதற்கு முதல் நாள் என்னைப் பருத்தித்துறைக்கு அனுப்பினாள். வருகிறவருக்குத் தேநீரோடு கொடுக்க ஏதாவது வாங்கி வரட்டாம். ரோல்ஸும் வடையும் வாங்கினேன். கடைசி பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. அங்கேயே தெரிந்த ஒருவர் வீட்டில் படுத்துவிட்டு விடிய முதல் பஸ்ஸில் வந்தேன்.

தூரத்திலேயே ஏதோ பிழை தெரிந்தது. வேலி நின்றது. வேலிக்குள்ளே ஒன்றும் நிற்கவில்லை. இரண்டு சதுரமும் வழித்துத் துடைத்தாற்போல வெறும் மண். ஓரத்தில் வரம்பு கட்டியிருந்தது. மண்ணில் விளக்குமாற்றுக் கோடு தெரிந்தது. மூலையில் கரவெட்டிக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார், கல்யாண வீட்டில் பந்தல் போட்டு முடித்தவரின் முகத்தோடு.

“எப்பிடித் தம்பி?” என்றார். “பிள்ளைக்கு நீ சொல்லாதை. அவ தானா வந்து பாக்கட்டும்.”

“அண்ணை, என்ன வேலை செய்தனீங்கள்?”

“என்ன வேலையோ? வெளியூர் அதிகாரி வாற நாள். வேலி அடைச்ச காணிக்குள்ளை நெஞ்சளவு புல்லு. அவன் என்ன நினைப்பான்? இந்த ஊரிலை ஆம்பிளையள் இல்லையோ எண்டெல்லோ கேப்பான்.”

“இது காணி இல்லை அண்ணை. காடு.”

“வேலி அடைச்சாப் பிறகென்ன காடு?”

“அப்ப மற்ற ரெண்டையும் ஏன் விட்டனீங்கள்?”

“அதுக்கு வேலியில்லைத் தானே. அது காடு. அதிலை எனக்கென்ன அலுவல்?”

எங்கள் பக்கத்தில் வேலிக்குள் புல் வளரவிடுவது, வேட்டி இல்லாமல் சந்திக்குப் போவதைப் போல. அவர் எங்கள் மானத்தைக் காப்பாற்றியிருந்தார். என்னால் அவரை ஏசக்கூட முடியவில்லை.

பிள்ளை ஸ்கூட்டியில் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே நிலத்தில் உட்கார்ந்தாள்.

“கூலி ஒண்டும் வேண்டாம் பிள்ளை,” என்றார் கரவெட்டிக்காரர். “நீரும் எங்கடை பிள்ளை மாதிரித்தானே.”

அவள் ஹெல்மெட்டுக்குள் ஏதோ சொன்னாள். என்னவென்று கேட்கவில்லை, நல்லதற்குத்தான்.

அக்கா ஆடுகளோடு வந்து வேலிக்குள் எட்டிப் பார்த்தா. முதலில் வாய்விட்டுச் சிரித்தா. பிறகு சிரிப்பு நின்றது. பிறகு பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தினா.

“பிள்ளை, இஞ்சை பாரும். ஆடு போன இடம் பச்சை. ஆடு போகாத இடம் வெட்டை. அவன் வந்து கண்ணாலை பாத்திட்டுப் போகட்டும். நீர் வாயைத் திறக்காமல் இரும், அது காணும்.”

“அதெப்பிடி?” என்று கரவெட்டிக்காரர் குறுக்கிட்டார். “நான்தான் துப்புரவாக்கினது எண்டு சொல்ல வேணும். முதுகு முறிய வேலை செய்தனான்.”

“உங்கடை முதுகையும் கொண்டு அங்காலை போங்கோ.”

ஜீப் வந்தது. பின்னால் பலகை கிடந்தது, பெயின்ற் மணத்தது. அதிகாரி அழுத்திய காற்சட்டையோடு இறங்கி நாலு சதுரத்தையும் சுற்றி வந்தார். திறந்த சதுரங்களைப் பார்த்தார். வேலிச் சதுரங்களைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“ஆடு போகாத இடத்தில் ஒன்றுமே முளைக்கவில்லையா?”

“ஓம் சேர்,” என்றா அக்கா உடனே. “நீங்களே பாத்தியள் தானே.”

பிள்ளை எழும்பினாள். ஹெல்மெட்டை இப்போதுதான் கழற்றினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லப் போகிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன், அதை இங்கே ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

“இல்லை சேர். முளைச்சது. நேற்று ஐயா எல்லாத்தையும் பிடுங்கிப்போட்டார்.”

“ஓம், நான்தான்,” என்று கரவெட்டிக்காரர் முன்னுக்கு வந்தார்.

அக்கா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டா. “படிச்சதுகளோடை சேரக்கூடாது எண்டு எனக்குத் தெரியும்,” என்று ஆட்டைப் பார்த்துச் சொன்னா.

அதிகாரி கொஞ்சநேரம் சிரிக்கவா கோபிக்கவா என்று யோசித்தார். பிறகு, “அப்படியென்றால் எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. நான் காத்திருந்தாயிற்று. பலகையை இறக்குங்கோ,” என்று சாரதியிடம் சொன்னார்.

சாரதி பலகையை இறக்கினான். பிள்ளை அதைப் பார்க்கவில்லை. கரவெட்டிக்காரரைப் பார்த்தாள்.

“ஐயா, பிடுங்கின புல்லு எங்கை?”

“எங்கை எண்டால்? நல்ல குழை. எரிப்பனே? புகையிலைத் தரையிலை கான் வெட்டித் தாட்டுப்போட்டன்.”

எங்களூர்த் தோட்டக்காரன் பச்சை இலையை வீணாக்க மாட்டான். வன்னியிலிருந்து லொறி லொறியாகக் குழை வாங்கி வந்து மண்ணுக்குள் புதைப்பார்கள், பயிருக்குப் பசளையாக. நானே அந்த லொறியில் கிளீனராக வந்திருக்கிறேன்.

“ரெண்டு கட்டத்துப் புல்லையும் சேத்தோ தாட்டனீங்கள்?”

“எனக்கென்ன விசரே? கொழுத்தது வேறை, காஞ்சான் வேறை. கொழுத்ததைத் தாட்டன். காஞ்சானை உவளின்ரை ஆட்டுக்குப் போட்டன், புண்ணியத்துக்கு.”

“போட்டதைச் சொல்லிக் காட்டவோ போட்டனீங்கள்?” என்றா அக்கா.

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் மண்வெட்டியை வாங்கினேன். கானைக் கிளறி, பிறகு மண்வெட்டியை வைத்துவிட்டு முழங்காலில் நின்று கையால் எடுத்தேன். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. புல் வாடியிருந்தது, அழுகவில்லை. வேர் மண்ணோடு, முழுசு முழுசாக. கரவெட்டிக்காரர் ஒன்றைக்கூட அறுத்திருக்கவில்லை, எல்லாம் வேரோடு பிடுங்கியது. ஒழுங்கான மனிசன். என் கொட்டில் தறப்பாளைக் கழற்றி விரித்து எல்லாவற்றையும் கொட்டினோம். என் உயரத்துக்குக் கிட்ட ஒரு குவியல்.

“சேர், உதுக்குள்ளை கினிப்புல்லையும் நாயுருவியையும் விட்டு வேறை ஏதும் இருக்கோ எண்டு பாருங்கோ,” என்றாள் பிள்ளை.

அதிகாரி குனிந்து பார்த்தார். பிறகு காற்சட்டையைத் தூக்கிக்கொண்டு குந்தினார். நான் ரோல்ஸ் நீட்டினேன். ஒரு கையில் ரோல்ஸ், மறு கையால் புல்லைக் கிளறினார். கினிப்புல். நாயுருவி. கினிப்புல். நாயுருவி. ரோல்ஸ் முடிந்தது. கடைசியில் ஒரு கொவ்வைக் கொடியை இழுத்தெடுத்து வெற்றியோடு காட்டினார்.

“அதுகும் அதுகளிலை ஏறித்தான் வெளிச்சத்துக்கு வந்தது, சேர்,” என்றாள்.

பிறகு எண்ணுவதற்கென்று வைத்திருந்த கம்பிச் சட்டத்தை எடுத்துக்கொண்டு வேலியில்லாத யூரியாச் சதுரத்துக்குப் போனாள். புழுக்கையை ஒதுக்கிவிட்டு அதை நிலத்தில் வைத்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொன்னாள். சொல்லிக்கொண்டே போனாள். அதிகாரி பக்கத்தில் நின்று தலையாட்டினார், பிறகு தலையாட்டுவதை நிறுத்தினார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, “போதும் பிள்ளை,” என்றார். அவள் நிறுத்தவில்லை. அந்தச் சட்டத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“அப்போ பாலைக் கன்று?” என்று கேட்டார்.

“அதை ஆடு தின்னும் சேர். நான் இல்லையெண்டு சொல்லேல்லை.”

அக்கா வாயைத் திறந்தா. நான் ஒரு வடையைக் கொடுத்தேன்.

அதிகாரி குவியலையும் சதுரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தக் குவியலை வைத்து எதையும் எழுதேலாது, பிடுங்கினது பிடுங்கினதுதான், இன்னொரு மாரி பார்த்து ஒழுங்காக எண்ண வேண்டும் என்று பிள்ளையே சொன்னாள். அதனால் பட்டம் எடுக்க இன்னும் ஒரு வருசம் போகும் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். சொல்லிவிட்டு ஹெல்மெட்டைத் தேடினாள்.

“சரி. பலகையை ஏற்று,” என்றார் அதிகாரி. சாரதி, இறக்கினவன், முணுமுணுத்துக்கொண்டு ஏற்றினான். ஜீப் போனபிறகு அக்கா பிள்ளையிடம் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. “ஒரு வருசம் எண்டால் ரெண்டு ஈத்து,” என்றா. ஆடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டா.

வெட்டையாகக் கிடந்த சதுரத்தைக் கரவெட்டிக்காரர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “புல்லு திரும்ப முளைக்குமோ பிள்ளை?” என்று கேட்டார். வாழ்நாளில் அந்தக் கேள்வியை அவர் கவலையோடு கேட்டது அதுதான் முதல் தரமாக இருக்கும்.

“முளைக்கும் ஐயா. நீங்கள் பாக்காட்டிச் சரி.”

அடுத்த மாரிக்கு நான் அங்கே இருக்கவில்லை. மன்னாரில் உப்பளத்தில் வேலை கிடைத்தது, போனேன், அதையும் விட்டேன். மழை முடிந்து ஒரு நாள் அக்கா தொலைபேசி எடுத்தா. பிள்ளை ஒழுங்காக எண்ணிவிட்டாளாம். பலகை வந்துவிட்டதாம்.

“ஐயோ. என்ன எழுதியிருக்கு?” என்றேன்.

“பாலை நிக்கிற பக்கம் விடக்கூடாதாம். மற்றப் பக்கம் ஆடு மேய்க்க அனுமதியாம். எனக்கு, இந்தக் காட்டிலை, உவன் அனுமதி தாறானாம்.”

“ஆட்டை விக்கத் தேவையில்லைத் தானே அக்கா.”

பின்னால் ஆடுகள் கத்துவது கேட்டது. அவ யாரையோ ஏசினா, என்னையல்ல.

“எண்டாலும் நல்ல பலகை,” என்றா. “கிடாய் முதுகு தேய்க்க உயரம் சரியா இருக்கு.”